அந்நியர் என்போர் யார்? விஞ்ஞான நாவலில் நோக்குநிலையும் வேற்றுப் பண்பாடும்

1

நாவலிலக்கியத்தை ஆராய்வோர் நோக்குநிலையை உத்திகளுள் ஒன்றாகக் கொண்டு, தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று, அனைத்துமறிந்த ஆசிரியர் கூற்று என வகைசெய்து அமைவது வழக்கம். இவ்வகைப்பாடு பயனற்றதன்று. ஆயினும், கதையை யார் கூறுகிறார் என்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடின், கூறும் வாய்ப்பு அவருக்கு எவ்வாறு கிடைத்தது, அவர் அவ்விடத்துக்கு யாருடைய செலவில், எத்தேவையின் பொருட்டு வந்து சேர்ந்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே போய்விடுகின்றன. இவ்வினாக்கள் எந்த நாவலுக்கும் பொருந்துவனவாயினும், வேற்றுக் கிரகத்துப் பண்பாடுகளைச் சித்திரிக்கும் விஞ்ஞான நாவல்களைப் பொறுத்தவரையில் அடிப்படையானவையாகின்றன.

இதற்குக் காரணம் எளிது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றையோ தஞ்சை மாவட்டத்து வயல்வெளியையோ பற்றி எழுதப்பட்ட நாவலை வாசிப்பவன், தான் அறிந்த வாழ்க்கையோடு அதனை ஒப்பிட்டு அதன் உண்மையை உரைத்துப் பார்க்கலாம். இல்லாத ஓர் உலகத்துக்கு அத்தகைய உரைகல் எதுவுமில்லை. அங்குக் கதைசொல்லியே தனிச் சாட்சி. அவன் காட்டியதே நிலம். அவன் கேட்டதே மொழி. எனவே, நோக்குநிலையின் அதிகாரம் முழுமையாக வெளிப்படும் இலக்கிய வகை இதுவே எனலாம்.

நமது முற்போக்கு விமர்சனம் யதார்த்தவாதத்துக்காகப் போராடிய காலத்தில் விஞ்ஞானப் புனைகதையைத் தப்பித்தல் இலக்கியமென ஒதுக்கியது. சந்தையிற் குவிந்த விண்வெளிச் சாகசக் கதைகளைக் கொண்டு நோக்கின் அம்முடிவு விளங்கக்கூடியதே. எனினும் இவ்வகையின் சிறந்த ஆக்கங்கள் அவ்வாறு ஒதுக்கத்தக்கனவல்ல. மார்க்சிய விமர்சகரான டார்க்கோ சுவின் 1979 இல் வெளியிட்ட நூலில், பழகிப்போன சமூகத்தை அந்நியப்படுத்திக் காட்டி அதனை அறியச் செய்வதே விஞ்ஞானப் புனைகதையின் இயல்பென விளக்கினார். ரஷ்ய உருவவாதியான ஷ்க்ளோவ்ஸ்கியிடமிருந்தும், நாடகாசிரியர் பிரெக்டிடமிருந்தும் அவர் இக்கருத்தை வளர்த்தெடுத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கட்டுரை சுவினின் கருத்தை ஏற்று, அதற்கு மேலும் ஒரு படி செல்ல முயல்கின்றது. அந்நியத்தன்மை என்பது ஒரு மக்கட் கூட்டத்திடம் இயல்பாக அமைந்த குணமன்று. குறிப்பிட்ட உழைப்பு உறவுகளும் அதிகார உறவுகளும் அதனை உருவாக்குகின்றன. விஞ்ஞான நாவலின் நோக்குநிலை இவ்வாக்கத்தை வெளிப்படுத்துகின்றதா, மறைக்கின்றதா என்பதே அந்நாவலை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல். மலையக மக்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இவ்வளவுகோல் ஏட்டளவிலானதன்று.

2

வேற்றுப் பண்பாட்டைச் சந்திப்பவனின் கதை விண்கலங்களோடு தொடங்கியதன்று. தமிழில் அதற்கு மணிமேகலை நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. ஆதிரை பிச்சையிட்ட காதையில், பொருளிழந்த வணிகனாகிய சாதுவன் கப்பல் உடைந்து, மரத்துண்டொன்றைப் பற்றி மிதந்து, ஆடையற்ற நாகர் வாழும் மலையை அடைகிறான். அவனை உண்ணக் கருதி எழுப்பிய நாகர், அவன் தம் மொழி பேசக் கேட்டுத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கட்குடமும் எலும்பும் சூழத் துணையோடு வீற்றிருக்கும் அத்தலைவனைப் புலவர் தன் பிணவோடிருக்கும் கரடிக்கு உவமிக்கிறார். சாதுவன் அறமுரைக்கிறான், தலைவன் கேட்கிறான், ஈற்றில் உடைந்த கப்பல்களிலிருந்து நாகர் திரட்டிவைத்த அகிலும் சந்தனமும் துகிலும் வணிகனுக்குக் கிடைக்கின்றன.

இக்காதையில் நாகர் தலைவன் ஊமையல்லன். உடம்பை விட்டுப் போன உயிர் எவ்வாறு வாழும் என அவன் எழுப்பும் வினா கூர்மையானது. ஆயினும் கரடி உவமை அவ்வினாவுக்கு முன்னரே வந்துவிடுகின்றது. பார்ப்பவன் வணிகன், காவியம் வணிகர் செல்வாக்குப் பெற்றிருந்த சமூகத்தில், பௌத்த அறத்தின் சார்பில் எழுந்தது. ஆகவே நாகர் எவ்வாறு உழைத்து உண்டனர் என்பது இங்குக் கூறப்படவில்லை. அவர்கள் எதைக் கொடுத்தனர் என்பதே கூறப்படுகின்றது.

இதனோடு நமது மலைநாட்டைப் பற்றிய மற்றொரு நூலை ஒப்பிடலாம். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தம் அனுபவங்களை 1681 இல் நூலாக வெளியிட்டார். ரொபின்சன் குருசோவை எழுதிய டானியல் டீபோ அந்நூலாற் பயன்பெற்றவர் என்பர். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன்கொடுத்தும் பிழைத்தவர். ஆதலால் உழவும், அறுவடையும், வட்டியும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வணிகனாக வந்து திரும்பியவன் காணாதவற்றை, அங்குப் பிழைக்க நேர்ந்தவன் காண்கிறான். இருவருமே வெளியார்தாம். எனினும் அவர்கள் கண்டவை வேறுபட்டமைக்குக் காரணம் அவர்தம் மனப்பாங்கு மட்டுமன்று. அந்நிலத்தின் பொருளாதாரத்தில் அவர்கள் வகித்த இடமுமாகும்.

3

எச். ஜி. வெல்ஸ் 1901 இல் எழுதிய, சந்திரனுக்குச் செல்லும் முதல் மனிதரைப் பற்றிய நாவல் இவ்வேறுபாட்டையே கட்டமைப்பாகக் கொண்டது. அதில் இரு கதைசொல்லிகள் உளர். பெட்ஃபோட் வியாபாரத்தில் நொடித்துப்போனவன், கேவோர் விஞ்ஞானி. சந்திரனின் உட்குடைவில் எறும்புகளை ஒத்த ஓரினம் வாழ்கின்றது. பெட்ஃபோட் கண்டது பொன். சங்கிலியிலும் பொன், கருவியிலும் பொன். அவன் பொன்னோடு பூமிக்குத் திரும்பிவிடுகிறான். அங்குத் தங்கிவிட்ட கேவோர் அனுப்பும் செய்திகள் வாயிலாகவே அச்சமூகத்தின் உள்ளமைப்பு தெரியவருகின்றது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்ப உடல் வளைக்கப்படுகின்றது. இயந்திரம் பேணப் பிறந்த குஞ்சு, கைகள் மட்டும் வெளியே நீள, சாடியொன்றினுள் அடைத்து வளர்க்கப்படுகின்றது. வேலையற்றோர், வேலை வரும்வரை மருந்தூட்டப்பட்டு உறங்கவைக்கப்படுகின்றனர்.

கேவோர் இதனைக் கண்டு முதலில் அருவருக்கிறான்; பின்னர், குழந்தையாக வளரவிட்டு அதன்பின் இயந்திரமாக்கும் நமது முறையினும் இது மேலானதெனத் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். வெல்ஸின் அங்கதம் இங்கே உச்சநிலை அடைகின்றது. முதலாளித்துவத் தொழிற்பிரிவினை சந்திரனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே உடற்கூறாகவே மாற்றிக் காட்டப்படுகின்றது. பொன் தேடியவனின் கண்ணுக்கு இது அகப்படவில்லை. கண்ட விஞ்ஞானியோ அதனை விளக்கினானேயன்றி எதிர்க்கவில்லை. சாடிக்குள் இருப்பதற்கு மட்டும் நாவலிற் குரல் கிடையாது.

4

சாடிக்குள் இருந்தவருக்குக் குரல் கொடுக்கும் முயற்சி எழுபதுகளில் அமெரிக்க எழுத்தாளரான ஊர்சுலா லே குவினிடம் முதிர்ச்சி பெற்றது. மானிடவியலாளரான அல்ஃபிரட் க்ரோபரின் மகளாகிய அவருக்கு, வேற்றுப் பண்பாட்டை ஆராய்வோனின் வேலையும் அதன் சங்கடங்களும் வீட்டிற் பழகியவை. 1969 இல் வெளிவந்த ‘இருளின் இடக்கை’ என்னும் நாவல், ஆண் பெண் என நிலையான பாற்பிரிவற்ற மக்கள் வாழும் கிரகத்துக்குச் சென்ற தூதன் ஒருவனின் அறிக்கையாக அமைந்தது. ஆனால் அறிக்கையை மட்டும் ஆசிரியர் தரவில்லை. அந்நாட்டு அமைச்சர் ஒருவரின் நாட்குறிப்பும், அம்மக்களின் பழங்கதைகளும், முன்னர் வந்த ஆய்வாளரின் குறிப்புகளும் இடையிடையே வைக்கப்பட்டுள்ளன. தூதனின் கூற்று எவ்வளவு குறைபாடுடையது என்பதை அவனது அறிக்கையைச் சூழ்ந்துள்ள ஆவணங்களே காட்டிவிடுகின்றன.

இந்நாவலைப் பற்றிய விவாதங்களுள், அம்மக்களை ஆங்கிலத்தில் ஆண்பாற் சுட்டினாலேயே ஆசிரியர் குறித்தமை கண்டனத்துக்குள்ளாயிற்று. தமிழில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. தொல்காப்பியர் மக்களென்று சுட்டப்படுவோரை உயர்திணை என்றும், ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்தார். எனவே, வேற்றுக் கிரகத்து உயிரொன்று ‘வந்தது’ என எழுதுவதா, ‘வந்தான்’ என எழுதுவதா, ‘வந்தார்’ என எழுதுவதா என்பதைத் தமிழ் எழுத்தாளன் முதல் வாக்கியத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும். பிற மொழிகளிற் கதையின் போக்கில் மெல்ல வெளிப்படக்கூடிய நோக்குநிலை, தமிழில் வினைமுற்றின் விகுதியிலேயே வெளிப்பட்டுவிடுகின்றது. தமிழ் விஞ்ஞானப் புனைகதை, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ முதலாக, இயந்திரத்தையும் எதிர்கால ஆட்சியையும் பற்றி எழுதிய அளவுக்கு வேற்றுச் சமூகங்களைப் பற்றி எழுதவில்லை. எழுதப்படுமாயின் திணை பற்றிய இவ்வினா அதன் மையப் பொருளாகலாம்.

லே குவினின் மற்றொரு படைப்பு நமது நோக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது. வியட்நாம் யுத்தத்தின் பின்னணியில் 1968 இல் எழுதப்பட்டு, 1972 இல் வெளியான ‘உலகம் என்பதற்குரிய சொல் காடு’ என்னும் குறுநாவலில், பூமியிலிருந்து வந்தோர் காடு நிறைந்த ஒரு கிரகத்தை மரத்துக்காக அழிக்கின்றனர். அங்கு வாழும் சிறிய உருவினரான மக்களை, விருப்பத்தோடு உழைப்போர் என ஆவணங்களிற் பதிந்துகொண்டு அடிமைகொள்கின்றனர். கதை மூன்று நோக்குநிலைகளில் மாறிமாறிச் செல்கின்றது. முதலாமவன் முகாமை ஆளும் கப்டன் டேவிட்சன். அவனது அத்தியாயங்கள் படர்க்கையில் அமைந்தாலும் அவனது சொற்களாலேயே நிறைந்தவை. அம்மக்களை அவன் இழிபெயராலன்றிக் குறிப்பதில்லை. இரண்டாமவன் அவர்களது மொழியைக் கற்ற ஆய்வாளன் லியுபோவ். மூன்றாமவன் அடிமையாயிருந்து தப்பிக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கும் செல்வர்.

துரை, பரிவுள்ள வெளியார், உள்ளிருப்பவன் என்னும் இம்மூவரணி பெருந்தோட்ட இலக்கியத்தை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. லியுபோவின் அவலம் குறிப்பாக நோக்கத்தக்கது. அவன் நல்லவன், செல்வரின் நண்பன். ஆயினும் அவன் திரட்டிய அறிவு அம்மக்களைக் காக்கப் பயன்படவில்லை. கிளர்ச்சியில் அவனும் மடிகிறான். பரிவு என்பது அதிகாரக் கட்டமைப்பினுள் இருந்துகொண்டு காட்டப்படும்போது அதன் எல்லை இதுவே என்பதை நாவல் தயக்கமின்றிக் கூறுகின்றது. அதேபோல் செல்வரும் மாறாத தூய பண்பாட்டின் பிரதிநிதியாகக் காட்டப்படவில்லை. கொலையறியாதிருந்த மக்கள் போராட்டத்தில் கொலையைக் கற்றுக்கொள்கின்றனர். கற்றதை இனி மறக்கவியலாது. பண்பாடு வரலாற்றினால் மாறுவது என்னும் உண்மை இங்கு அந்நியருக்கும் உரித்தாக்கப்படுகின்றது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகின்றது. செல்வரை நாம் முதலிற் காண்பது அவன் விடுதலையான பின்னரே. அவனது கனவுகளையும் துயரையும் நாவல் உள்ளிருந்து காட்டுகின்றது; அவன் அடிமையாக உழைத்த நாட்களையோ நினைவாக மட்டுமே தருகின்றது. மரமறுக்கும் களத்தின் ஒரு முழு நாள், அறுப்பவனின் கண்களினூடாக எழுதப்படவில்லை. உள்ளிருந்து பேசும் குரலைப் பெற்றுவிட்டோம்; உழைக்கும் கையைப் பெறவில்லை.

அந்நியரை அறியவே முடியாது என்பாரும் உளர். போலந்து எழுத்தாளரான லெம்மின் ‘சொலாரிஸ்’ (1961) ஒரு கடலையே அறிவுடைய உயிராக்கி, அதனைப் பற்றித் தலைமுறைகளாக எழுந்த ஆராய்ச்சி நூல்கள் அனைத்தும் அதனை விளங்கத் தவறியமையைக் காட்டுகின்றது. மனித அறிவின் ஆணவத்துக்கு இது நல்ல மருந்தே. ஆனால் சொலாரிஸின் கடல் எவருக்காகவும் உழைப்பதில்லை. உழைப்பு உறவு ஏற்பட்ட இடத்தில், அந்நியரை அறியவியலாது என்பது தத்துவமாக இராது. அறியத் தேவையில்லை என்பதற்கான சாட்டாகிவிடும்.

5

இலங்கையிற் பிறந்த விஞ்ஞான நாவல் எனக் கூறத்தக்கது ஆதர் சி. கிளார்க்கின் ‘சொர்க்கத்தின் ஊற்றுகள்’ (1979). 1956 முதல் 2008 இல் மறையும்வரை இந்நாட்டில் வாழ்ந்த கிளார்க், இதில் இலங்கையைத் தப்ரபேன் எனப் பெயரிட்டு, பூமத்திய ரேகைக்கு நகர்த்தி, சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் தழுவிய இரு குன்றுகளை அமைத்தார். மலையுச்சியிலிருந்து வானுக்குச் செல்லும் தூக்கியைக் கட்ட விரும்பும் பொறியியலாளன் மோர்கனே கதையின் நாயகன். இதில் வேற்றுலகமும் உண்டு. சூரிய மண்டலத்தின் ஊடாகச் சென்ற அந்நிய விண்கலமொன்று மனிதரின் சமய நம்பிக்கைகளைத் தர்க்கத்தாற் கலைத்துவிடுகின்றது. இறுதியில் வேற்றுலகத்தவர் ஒருவர் வந்து மனித குலத்தின் எச்சங்களை நோக்குகிறார்.

நாவலின் நோக்குநிலைகள் பல: பொறியியலாளன், ஓய்வுபெற்ற இராசதந்திரி, பண்டைய மன்னன், பத்திரிகையாளர். ஆனால் அதன் மையச் சிக்கல் காணிப் பிரச்சினையே. மலையுச்சி பிக்குகளுக்குரியது, பொறியியலாளனுக்கு அது தேவை. இச்சிக்கல் எவ்வாறு தீர்கின்றது? பட்டாம்பூச்சிகள் உச்சியை அடையும் நாளிற் பிக்குகள் மலையை இழப்பர் என்பது பழைய வாக்கு, புயலொன்று அவற்றை மேலே கொண்டுசேர்க்கின்றது, பிக்குகள் வெளியேறுகின்றனர். சட்டத்தாலும் பலத்தாலும் நிலம் கைமாறிய ஒரு நாட்டின் கதையில், நிலம் பட்டாம்பூச்சியினாற் கைமாறுகின்றது.

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதத்துக்கு ஏறுபவர், தேயிலைத் தோட்டங்களினூடாகவே செல்வர். கிளார்க்கின் கதையில் நோக்குநிலை பெறுவோருள் அம்மலைச் சரிவில் உழைத்தோரின் வழிவந்தவர் ஒருவருமில்லை. எதிர்காலக் கதையில் இன்றைய தொழிலாளரைத் தேடுவது முறையா எனக் கேட்கலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னனை நினைவில் வைத்திருக்கும் நாவலிடம் அவ்வாறு கேட்பது முறையே. மன்னரையும் துறவியரையும் தீவின் நினைவாகக் கொண்டு, உழைப்பாளரை அதற்குப் புறம்பாக்கும் பார்வை கிளார்க் கண்டுபிடித்ததன்று. அது இந்நாட்டு ஆளும் வர்க்கங்கள் தமக்கென வகுத்துக்கொண்ட வரலாற்றுப் பார்வை. விருந்தினர் அதனை ஏற்றுக்கொண்டார்.

6

இனி, வெலிமடையை ஒட்டிய ஊவா நிலத்தை நோக்குவோம். உமா ஓயாவை அண்டிய பள்ளங்களிற் சிங்களக் கிராமங்களின் வயல்களும் மரக்கறித் தோட்டங்களும். மேலே மலைகளில் தேயிலை. 1817–18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடூரமாக அடக்கினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலத்திற் கோப்பியும், 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் பயிரிடத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஒரே மூலதனம் கிராமத்தவரிடமிருந்து மலையைப் பறித்தது. மற்றொரு மக்களை அம்மலையில் லயங்களில் அடைத்தது. கிராமத்தவருக்குத் தோட்டத்தவர் அந்நியர். தோட்டத்தவருக்குக் கிராமத்தவர் அந்நியர். இருவரையும் அவ்வாறாக்கிய துரையோ இருவருக்கும் எசமானர். அந்நியத்தன்மை ஆக்கப்படுவது என மேலே கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் வேற்றுக் கிரகவாசியையும், ஒரு நாட்டிற் குடியுரிமை இல்லாதவரையும் குறிப்பது ஏலியன் என்னும் ஒரே சொல். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடேயே நாடற்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. தாம் பிறந்த மண்ணில், தம் கையால் நட்ட செடிகளின் நடுவே, அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நியராக வாழ்ந்த மக்களின் கதை இது.

இக்கதையை எழுதியோரின் நோக்குநிலைகளும் பலவகைப்பட்டன. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தமிழகத்திலிருந்து எழுதப்பட்டது. மருத்துவரான நந்தியின் ‘மலைக்கொழுந்து’ (1964) பரிவுள்ள வெளியாரின் பார்வை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ அதே 1964 இல் வந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திற் பிறந்தவர். தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டியவர். பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) உள்ளிருந்து எழுந்த நாவல்.

ஆனால் ‘உள்ளே’ என்பதும் ஒரே படித்தான இடமன்று. தோட்டத்தினுள் துரை பங்களாவும் உண்டு. உத்தியோகத்தர் வீடும் உண்டு. கங்காணியின் காம்பராவும் உண்டு. லயத்தின் கடைசிக் காம்பராவும் உண்டு. பிரட்டுக் களத்தில் நின்று கணக்கெழுதுபவனும், அக்கணக்கில் எழுதப்படுபவளும் ஒரே தோட்டத்தவர்தாம். தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் அல்லது நேரம் தவறினால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயர் உழைப்பின் அளவையாகி, அவ்வளவையும் பாதியாக வெட்டப்படுகின்றது. உயர்திணைக்குரிய ஒருவரின் பெயரையே கணக்கேட்டிற் பாதியாக்கும் இச்சொல்லை எந்த விஞ்ஞான நாவலாசிரியரும் கற்பனை செய்துவிடவில்லை. வெல்ஸின் சாடிக்கும், லே குவினின் கப்டன் வழங்கும் இழிபெயருக்கும் அருகில் வைத்து நோக்கத்தக்க சொல் அது.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, வேற்றுப் பண்பாட்டைச் சித்திரிக்கும் நாவலிற் கதைசொல்லியின் தொழிலைக் கேட்பது, அவனது கூற்று முறையைக் கேட்பதற்கு முற்படவேண்டும். வணிகன், கைதி, தூதன், ஆய்வாளன், பொறியியலாளன் ஆகியோர் ஒரே நிலத்தில் ஒன்றையே காண்பதில்லை.

இரண்டாவது, நோக்குநிலையை அந்நியரிடம் ஒப்படைத்துவிடுவது மட்டும் போதாது. அவர்களது கனவும், சடங்கும், மொழியும் காட்டப்பட்டு, உழைப்பு காட்டப்படாதவரை, அவர்கள் புதுமைப் பொருளாகவே எஞ்சுவர். உல்லாசப் பயணிக்குத் தேயிலை மலை பச்சைக் காட்சியாக எஞ்சுவதும் இவ்வாறே.

மூன்றாவது, யதார்த்த நாவலுக்கும் விஞ்ஞான நாவலுக்கும் இடையே நமது விமர்சனம் எழுப்பிய சுவர் மீளாய்வுக்குரியது. நமது மலையக நாவல் உழைப்பை அறிந்தது; ஆனால் அதனைப் பழகிப்போன துயரமாக வாசகர் கடந்துசெல்லும் ஆபத்து அதற்குண்டு. விஞ்ஞான நாவல் பழகியதை அந்நியப்படுத்தும் ஆற்றலுடையது. ஆனால் அதன் சிறந்த ஆக்கங்களிற்கூட உழைக்கும் கையின் பார்வை இல்லை. ஒன்றின் பலம் மற்றதன் குறையை நிரப்பக்கூடியது.

கடல் கடந்து வந்து, அறியாத மலைகளில், அறியாத மொழியில் இடப்பட்ட கட்டளைகளுக்கிடையே ஓர் உலகை உருவாக்கி, அவ்வுலகிலேயே அந்நியரென அறிவிக்கப்பட்ட மக்கள் எழுதக்கூடிய விஞ்ஞான நாவல் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதப்போகிறவர், வேற்றுலகத்தவரை ‘வந்தது’ என எழுதுவதா ‘வந்தார்’ என எழுதுவதா என்று முதல் வரியில் தயங்குவாராயின், அத்தயக்கம் அரைப்பேர் எழுதப்பட்டோரின் வழிவந்தவர்க்கே முழுதாக விளங்கும்.